கற்பூரம் கெடுத்த தேயிலை

என் தாய்மாமன் இராமையா பஞ்ச காலத்தில் பிறந்தவர். எழுபதுகளில் இலங்கை வெளியிலிருந்து வரும் மாவையும் அரிசியையும் குறைத்துக்கொண்டபோது தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களில் சனம் பட்டினி கிடந்தது. அக்கரப்பத்தனைப் பக்கம் எங்கள் தோட்டத்திலும் பலர் செத்தார்கள். மாமாவுக்கு மூத்த அக்கா ஒருத்தி மரவள்ளித் தோலைத் தின்று வயிறு ஊதிச் செத்துப்போனாள். பிறகு ஆட்சி மாறியது, கப்பல்கள் வந்தன, கடையில் மாவு தாராளமாகக் கிடைத்தது. முதல்முதலாக வயிறு நிறைய ரொட்டி தின்ற நாளைப் பற்றி அம்மாச்சி சொல்லக் கேட்டு வளர்ந்தவர் மாமா. நாட்டின் கதவைச் சாத்தினால் பட்டினி, திறந்தால் ரொட்டி. உலகத்தைப் பற்றி அவருக்கு இருந்த அறிவு அவ்வளவுதான். அதை அவர் கடைசிவரை விடவில்லை.

தேயிலைத் தொழிற்சாலையை எங்கள் பக்கம் ஸ்டோர் என்பார்கள். மாமா அங்கே டிரையர்காரர். அரைத்துப் புளிக்கவைத்த ஈரக் கொழுந்து டிரையருக்குள் போகும், சூட்டுக்காற்றில் காய்ந்து கறுப்புத் தூளாக மறுபக்கம் விழும். விழும் இடத்தில் நின்று ஒரு பிடி அள்ளி மூக்கருகே கொண்டுபோவதுதான் அவருடைய வேலை. பச்சை வாசம் போயிருக்க வேண்டும், கருகல் வந்திருக்கக் கூடாது. தேயிலை பக்கத்திலிருக்கும் எந்த வாசத்தையும் குடித்துவிடும் என்பதால் ஸ்டோருக்குள் பூ, பவுடர், தைலம் எதுவும் ஆகாது. சல்லடை அறையில் வேலை செய்யும் பெண்கள் கல்யாண வீட்டுக்குப் போய்வந்த மறுநாளும் தலையில் பூவில்லாமல்தான் வருவார்கள்.

வருடத்தில் ஒரு நாள் மட்டும் இந்தச் சட்டத்துக்கு விலக்கு உண்டு. அது ரோதமுனி பூசை. வெள்ளைக்காரன் காலத்தில் கப்பலில் வந்த இரும்புச் சக்கரம் ஒருவனின் கையை இழுத்துக்கொண்டபோது, ரோதை என்கிற அந்தச் சக்கரத்துக்குள் ஒரு முனி இருக்கிறது என்று எங்கள் ஆட்கள் கண்டுகொண்டார்கள். ஸ்டோர்ச் சுவரோரம் ஒரு கல்லை நட்டு, சூலம் குத்தி, சேவல் அறுத்து, சுருட்டும் சாராயமும் வைத்தார்கள். பூசையன்று மெஷின்கள் நிற்கும். பூசாரி கற்பூரத் தட்டோடு ஸ்டோருக்குள் போய் ஒவ்வொரு மெஷினுக்கும் காட்டிவிட்டு வருவார். மாமாவின் அப்பா அதைச் செய்தார். அவருக்குப் பிறகு மாமா செய்தார். வெள்ளைக்காரத் துரை, அரசாங்கத் துரை, கம்பனித் துரை என்று வரிசையாக வந்த யாரும் அதைத் தடுக்கவில்லை. மெஷின் நன்றாக ஓடினால் அவர்களுக்குப் போதும்.

சாக்குகளை ஏற்றிக்கொண்டு லொறி கிளம்பும்போது மாமா டிரைவரிடம் கேட்பார், "இது எந்த ஊருக்குங்க?"

டிரைவருக்கு என்ன தெரியும்? வாயில் வந்ததைச் சொல்வான். ரஷ்யா, ஈரான், ஈராக். டிவியில் அந்த ஊர்களில் குண்டு விழுவதைக் காட்டினால் மாமா எழுந்து நின்று பார்ப்பார். "பாவம், நம்ம தேத்தண்ணி குடிக்கிற சனம்" என்பார்.

தோட்டத்து யூனியன் தலைவர் அழகனுக்கு இது பெரிய வேடிக்கை. "அண்ணே, அவன் நம்ம தேத்தண்ணிய குடிக்கிறான். நாம என்னத்த குடிக்கிறோம்? சல்லடைக்குக் கீழ விழுற தூசிய. ஒலகம் ஒலகம்னு சொல்றீங்களே, அந்த ஒலகத்துக்கு ஒங்க பேரு தெரியுமா?"

"பேரு எதுக்குடா? ருசி தெரியுதுல்ல" என்பார் மாமா.

கொரோனா இரண்டாம் முறை வந்தபோது லயம் முழுக்கக் காய்ச்சல். மாமாவுக்கும் வந்தது, நாலைந்து நாளில் போனது. போகும்போது மூக்கையும் கொண்டுபோய்விட்டது. வேலாயி அத்தை கருவாடு பொரித்தாலும் அவருக்குத் தெரியவில்லை. வாரங்கள் போயின, மாதங்கள் போயின, வாசம் திரும்பவில்லை. அத்தையின் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கினார். "யார்ட்டயும் மூச்சு விடாத. மூக்கு இல்லாதவன டிரையர்ல வச்சிருக்க மாட்டாங்க." தூளை விரலால் நசுக்கியும், நிறத்தைப் பார்த்தும், உதறும்போது வரும் சத்தத்தைக் கேட்டும் சமாளித்தார். ஆனாலும் ஒவ்வொரு பிடியையும் மூக்கருகே கொண்டுபோக மறக்கவில்லை. பார்ப்பவர்களுக்காக.

மறு வருடம் நாட்டில் டொலர் தீர்ந்துபோனது. எண்ணெய் இல்லை, உரம் இல்லை, மருந்து இல்லை. ஹட்டனில் மண்ணெண்ணெய்க்குப் போன சனம் ரோட்டிலேயே படுத்துக் கிடந்தது. டிரையரின் விறகு உலையையும் காற்றுப் பாதையையும் பிரிக்கும் இரும்புத் தகடு அந்த மாதங்களில்தான் வெடித்தது. உலைப் புகை கண்ணுக்குத் தெரியாமல் சூட்டுக்காற்றோடு கலந்து தூளின் மேல் அடிக்கத் தொடங்கியது. புதுத் தகடு வெளிநாட்டிலிருந்து வரவேண்டும். அதற்கு டொலர் வேண்டும். டொலருக்குத் தேயிலை விற்க வேண்டும். தேயிலைக்கு டிரையர் ஓட வேண்டும். ஓடவிட்டார்கள்.

இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தது. அப்போது நான் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தேன். உலைப் பக்கம் போகாமல் தூள் விழும் பக்கமே நின்ற மாமாவுக்கு அப்போது எதுவும் தெரியாது.

அந்த நாட்களில் ஒரு பெரிய ஓடருக்காக ஜெர்மனிக்குப் போன சரக்கு திரும்பி வந்தது. தேயிலைக்கு உரியதல்லாத மணம் இருக்கிறது, காரணத்தைக் கண்டு நீக்காவிட்டால் இனி வாங்கமாட்டோம் என்று செய்தி. என்ன மணம் என்று அவர்கள் சொல்லவில்லை. அந்தத் தூள் காய்ந்த வாரத்தில்தான் ரோதமுனி பூசை நடந்திருந்தது.

ஸ்டோருக்குப் பொறுப்பான டீமேக்கர் பேரின்பநாயகம் யாழ்ப்பாணத்துக்காரர். குரலை உயர்த்தாத மனிதர். மாமாவையும் அழகனையும் தன் அறைக்குக் கூப்பிட்டார். சாக்குகளை நிறுத்துக் கொடுக்கும் சண்முகவடிவு அக்காவும் கதவருகே நின்றாள்.

"இராமையா, நான் உம்மைக் குற்றம் சொல்லேல்லை. பூசையண்டைக்குக் கற்பூரத்தை டிரையருக்குக் கிட்டக் கொண்டுபோனனீரோ?"

"எல்லா மெசினுக்கும் காட்டுறதுதானுங்களே ஐயா."

"சரி. மெசின் திரும்ப ஓடத் தொடங்கினாப் பிறகு தூளில ஏதும் மணம் தெரிஞ்சதோ? நீர்தானே மணந்து பாக்கிறனீர்."

மாமா மாட்டிக்கொண்டது இந்த இடத்தில்தான். ஒன்றும் தெரியவில்லை என்றால், கடலுக்கு அப்பால் இருப்பவனுக்குத் தெரிந்தது இவருக்கு ஏன் தெரியவில்லை என்ற கேள்வி வரும். மூக்கின் கதை வெளியே வரும். ஐயா கேட்ட கற்பூரத்தையே அவர் பிடித்துக்கொண்டார்.

"லேசா கற்பூர வாசம் இருந்திச்சுங்க ஐயா. போயிரும்னு நெனச்சேன்."

சண்முகவடிவு அக்கா என்னிடம் சொன்னது இது. "தம்பி, அன்னைக்கு அந்த ரூமுக்குள்ளயே பொகை நாத்தம். ஒங்க மாமா நின்னுக்கிட்டு கற்பூரம்ங்கிறாரு. நான் தலைவர பார்த்தேன், தலைவரு ஐயாவ பார்த்தாரு. ஐயா ஜன்னல பார்த்தாரு. அந்த நிமிசமே வெளங்கிருச்சு, மனுசனுக்கு மூக்கு இல்லன்னு."

டீமேக்கர் பேனாவை எடுத்தார். "அப்ப கற்பூரம்தான்" என்றார்.

காரணம் கண்டுபிடிக்கப்பட்டது, நீக்கப்பட்டது என்று ஜெர்மனிக்குப் பதில் போனது. மாமாவை டிரையரிலிருந்து எடுத்தார்கள். ரோதமுனியை ஸ்டோர் எல்லைக்கு வெளியே கொண்டுபோகச் சொன்னார்கள். வேறு யாரும் தொடப் பயந்தார்கள், அதனால் மாமாவே கல்லைப் பெயர்த்தார். சூலத்தைப் பிடுங்கித் தோளில் வைத்துக்கொண்டு, கல்லைச் சாக்கில் கட்டி இழுத்து, மேல்மலைக் காட்டோரம் கொண்டுபோய்ப் போட்டார். தன் சாமிதான் இத்தனை சனத்தின் சோற்றில் மண்ணைப் போட்டது என்று உண்மையாகவே நம்பினார். காட்டிலிருந்து திரும்பி வந்தவர் சாப்பிடவில்லை என்றாள் அத்தை. அந்த வாரமே கொல்லன் ஒருவன் வந்து, வெடித்த தகட்டில் ஒட்டுப்போட்டுக் களிமண் பூசினான். மாமா அப்போது ஸ்டோர்ப் பக்கம் இல்லை.

ஓடர் போனதால் வேலை நாள் குறைந்தது. குறைந்த ஒவ்வொரு நாளுக்கும் லயத்தில் ஒரு வசை பிறந்தது. அவர் பெயரே கற்பூரம் ஆகிவிட்டது. பீலியில் தண்ணீர் பிடிக்கும் பெண்கள் அவர் கடந்து போகும்வரை பொறுக்க மாட்டார்கள்.

"ஏங்க கற்பூரம், ஒங்க முனி ஜெர்மனிக்குப் போயிட்டு திரும்பி வந்திருச்சாமே?"

"பாஸ்போட்டு இல்லன்னு ஏர்போட்லயே புடிச்சிட்டானாம்டி!"

"கோழி ரத்தம் கேட்டிருக்கும். அவன் சொசேஜ் குடுத்திருப்பான்."

மாமாவும் சிரிக்க முயல்வார். ஒருமுறை பதில் சொன்னாராம். "அவங்கள ஏன் சொல்றீங்க. காசு குடுத்து வாங்குறவன் சுத்தத்தத்தான் கேப்பான்." அதற்கு இன்னும் பெரிய சிரிப்பு எழுந்தது.

அவருக்குக் கொடுத்த புதிய வேலை, முதுகில் டாங்கியைக் கட்டிக்கொண்டு புல்லுக்கு மருந்தடிப்பது. இளவட்டங்களே நாற்றம் தாங்காமல் வாந்தி எடுக்கும் வேலை. முதல் நாள் கங்காணி டாங்கியைத் தூக்கிவிட்டபடி சொன்னான். "ஒங்களுக்கு என்னங்க கஷ்டம், நாத்தமே தெரியாதே."

மாமா டாங்கியைக் கட்டிக்கொண்டு மலை ஏறினார். அன்று பொழுது சாய்ந்து வந்து அத்தையைப் பிடித்துக்கொண்டார். "நீயாடி சொன்ன?"

"ஆத்தா சத்தியமா இல்லைங்க."

நம்பவில்லை. அதற்குப் பிறகு வெகுநாள் அத்தையோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. மகள் தனுஜா கொழும்பிலிருந்து லீவில் வந்து சமாதானம் செய்ய வேண்டியிருந்தது.

கொஞ்ச காலம் கழித்து நடந்ததைக் கேட்டால் சிரிப்புத்தான் வரும். திரும்பி வந்த தேயிலை கொழும்பில் ஒரு கிடங்கில் கிடந்திருக்கிறது. ஒரு வியாபாரி அதை அடிமாட்டு விலைக்கு வாங்கி, மலை விறகில் புகையூட்டிய தேயிலை என்று அழகான தகரப் பெட்டியில் போட்டு, வேறொரு நாட்டுக்கு அனுப்பினான். அங்கே புகை மணத்துக்கென்றே காசு கொடுக்கும் ஆட்கள் இருக்கிறார்களாம். இன்னும் வேண்டும், அதே மணத்தில் வேண்டும் என்று ஓடர் வந்தது. டீமேக்கர் ஆளை விட்டு, அந்த ஓடருக்குக் காயவைக்கும் நாட்களில் மட்டும் ஒட்டுப்போட்ட இடத்தைத் தட்டித் திறந்து, பிறகு களிமண்ணால் அடைக்கச் சொன்னார்.

செய்தி பீலிக்கு வந்தது. "கேட்டியா, வெள்ளைக்காரனுக்கு பொகை பத்தலையாம்! அன்னைக்கு அடிச்சிச்சே, அதே நாத்தம் வேணுமாம்!"

மாமா மருந்து டாங்கியைக் கழுவிக்கொண்டிருந்தார். "என்னைக்கு அடிச்சிச்சு?" என்று கேட்டார்.

பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

அன்று அவர் குளிக்காமல், மருந்து நனைத்த உடுப்போடு, லயம் லயமாக ஏறி இறங்கினார். ஸ்டோரில் வேலை செய்தவர்கள் வீட்டு வாசலில் நின்று எல்லோரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டார். "அப்ப வந்தது பொகையா?" சிலர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். சண்முகவடிவு அக்கா மட்டும் நின்று பதில் சொன்னாள்.

"ஆமாண்ணே. சல்லட ரூமெல்லாம் நாத்தம். முந்தானைய மூக்குல கட்டிக்கிட்டுத்தான் வேல செஞ்சோம்."

"ஏம்மா சொல்லல?"

"ஒங்களுக்குத் தெரியும்னுதான் மொதல்ல நெனச்சோம். தெரியாதுன்னு தெரிஞ்ச பொறவு சொல்லி என்ன ஆகப்போகுது? டிரையர் வெடிச்சதுன்னா ஸ்டோர மூடிருவாங்க. கொழுந்த லொறில ஏத்தி வேற தோட்டத்துக்கு அனுப்பிருவாங்க. எனக்கு ரெண்டு பொட்டப்புள்ளைங்கண்ணே."

அழகன் வீட்டில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. சத்தத்தைக் குறைக்காமலே பேசினான்.

"அண்ணே, ஒரு ஆள் போனா ஒரு ஆளு. ஸ்டோர் போனா எத்தன குடும்பம்? நீங்களே சொல்லுங்க."

"அந்த ஒரு ஆளக் கேட்டிருக்கலாமேடா."

"கேட்டா ஒத்துக்கிட்டிருப்பீங்களா?"

மாமா யோசித்தார். "ஒத்துக்கிட்டிருப்பேன்."

அழகன் சிரித்துவிட்டான். "அப்பறம் என்ன? அதேதான நடந்துச்சு."

மறுநாள் டீமேக்கரைப் பார்க்கப் போனார். வேலையைத் திரும்பக் கேட்கவில்லை. "காலையில பெரட்டுல எல்லாரும் நிப்பாங்கல்லங்க ஐயா. வேல பிரிக்கிறதுக்கு முன்னாடி வந்து ஒரே ஒரு வார்த்த சொல்லுங்க. கற்பூரம் இல்லன்னு. அது போதும் எனக்கு."

பேரின்பநாயகம் அவரை உட்காரச் சொன்னார். தேத்தண்ணீர் வரவழைத்தார்.

"இராமையா, நீர் விளங்கிக்கொள்ளும். கற்பூரம் எண்டு நாங்கள் எழுதிக் குடுத்திட்டம். அதை நம்பித்தான் ஜெர்மன்காரன் திரும்ப வாங்கிறான். இப்ப புகை எண்டு சொன்னா அவன் போயிடுவான். மற்றவனோ, இது தெரிஞ்சு செய்த புகை எண்டு நினைச்சு வாங்கிறான். தகடு வெடிச்ச புகை எண்டா அவனும் போயிடுவான். உலகச் சந்தை எண்டது இப்பிடித்தான்."

"தோட்டத்து ஆளுங்ககிட்ட மட்டும்..."

"தோட்டத்தில சொன்னா ஊரெல்லாம் போகும்." அவர் குரலைத் தாழ்த்தினார். "உமக்கு மணம் தெரியாதெண்டு எனக்கு அண்டைக்கே தெரியும். அதை நான் ஒருத்தருக்கும் எழுதேல்லை. எழுதியிருந்தா உம்மை அண்டைக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பினம். அது நான் உமக்குச் செய்த உதவி. மறந்திடாதையும்."

மாமா நன்றி சொல்லிவிட்டு வந்தார். சொன்னதாக அவரே என்னிடம் சொன்னார். "என்ன செய்யிறது தம்பி, அவரு உதவின்னு சொல்லிட்டாரு."

வீட்டுக்கு வந்து அத்தையிடம் கேட்டார். இத்தனை பேரிடம் கேட்டவர் அவளிடம் கடைசியாகத்தான் கேட்டார்.

"ஒனக்கும் தெரியுமா?"

அத்தை அடுப்புக்கு முன்னால் இருந்தாள். "ஒங்க சட்டையில அடிச்சிச்சு. தொவைச்சு தொவைச்சுப் பார்த்தேன், போகல."

"எங்கிட்டயாச்சும் சொல்லியிருக்கலாமேடி."

"அடுப்படிப் பொகைன்னுதாங்க நெனச்சேன் மொதல்ல. அப்பறம் நீங்க கற்பூரம்னு சொல்லிட்டு வந்து நின்னீங்க. நான் பொகைன்னா நீங்க பொய் சொன்னதாயிரும். சாமிய வேற தூக்கிப் போட்டுட்டு வந்தீங்க. எப்பிடிச் சொல்றது?"

யாரும் சொல்லாததை அவரே பெரட்டில் சொன்னார். டாங்கியை இறக்கி வைத்துவிட்டு, கையைத் தூக்கிக்கொண்டு நின்று, "அன்னைக்கு வந்தது பொகைங்க. கற்பூரம் இல்ல. முனிமேல தப்பில்ல. எம்மேலயும் இல்ல" என்றார். பெண்கள் கூடையைச் சரிசெய்தார்கள். பின்வரிசையில் ஒருவன், "மூக்கில்லாத ஆளு வாசத்தப் பத்தி சாட்சி சொல்றாரு" என்றான். பெரட்டு முழுவதும் சிரித்தது. அழகனும் சிரித்தான், சண்முகவடிவு அக்காவும் சிரித்தாள். அதை அவளே என்னிடம் சொல்லிவிட்டு அழுதாள். கங்காணி, "டாங்கியத் தூக்குங்க, வெயில் ஏறிரும்" என்றான். மாமா தூக்கிக்கொண்டார்.

அதற்குப் பிறகு அவர் மருந்தடிக்கும்போது முகத்தில் துணி கட்டுவதை விட்டுவிட்டார். கேட்டால் மூச்சு முட்டுகிறது என்றார். இருமல் வந்தது. நுவரெலியா ஆஸ்பத்திரியில் நெஞ்சில் நீர் என்றார்கள், பிறகு வேறொன்று என்றார்கள். போன மாதம் ஒரு விடியற்காலையில் செத்துப்போனார்.

லயத்து வாசலில் பாடையைத் தூக்குவதற்கு முன் அழகன் நாலு வார்த்தை பேசினான். நன்றாகவே பேசுவான். "கற்பூரத்தால ஒரு தப்பு நடந்துச்சு. நாந்தான்னு முன்னுக்கு வந்து ஒத்துக்கிட்ட மனுசன் இராமையா அண்ணன். அந்த நேர்மை இப்ப யாருக்கு இருக்கு?" என்றான். ஆட்கள் தலையாட்டினார்கள். டீமேக்கர் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்திருந்தார். அத்தை தலையை நிமிர்த்தி அழகனையே பார்த்தாள். அவள் இன்னும் கொழுந்தெடுக்கிறாள். அவள் குடியிருக்கும் லயத்து அறையும் தோட்டத்துடையது. தலையைக் குனிந்துகொண்டாள்.

தேயிலைச் செடிகளுக்கு நடுவே இருக்கும் மயானத்தில் புதைத்துவிட்டு ஸ்டோர் வழியாகத் திரும்பினோம். டிரையர் ஓடிக்கொண்டிருந்தது. சாவுக்கு வந்தவர்கள் அத்தனை பேரும் மூக்கைப் பொத்திக்கொண்டு அந்த இடத்தைக் கடந்தார்கள்.